கரிக்காரை வாடகைக்கு எடுத்தவர்கள்

வாடகைக்குக் கார் விடும் தொழிலில் மிகக் கடினமான பகுதி, எடுத்தவர் தெருமுனை திரும்பும்வரை அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான். விடுமுறைக்கு அயல்நாடு போய், பழகாத சாலையில் பழகாத காரை ஓட்டி, ஒரு கீறல்கூட விழுந்துவிடக் கூடாதே என்று வேர்த்திருக்கும் வாசகர்களே, மறுபக்கத்தில் நின்ற நாங்களும் உங்களைவிடக் குறைவாக வேர்க்கவில்லை.

எங்கள் கொட்டகை மலாக்காவில், காஜா பெராங் சாலையோரம் இருந்தது. போருக்கு முன் அப்பாவிடம் இரண்டு கார்கள் இருந்தன. ஜப்பானியப் படையினர் வந்ததும் புதியதை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பழையது அவர்கள் முன்னால் கிளம்ப மறுத்ததால் எங்களுக்கே மிஞ்சியது. பெட்ரோல் அறவே கிடைக்காமல் போனபோது, அதன் முதுகில் ஓர் இரும்பு உலையைப் பொருத்தி, கரி எரியும்போது வரும் வாயுவில் அதை ஓட வைத்தவர் நாயக்கர். தலைமுறை தலைமுறையாக எங்கள் பகுதியில் வாழ்ந்துவரும் மலாக்காச் செட்டிகளில் ஒருவர் அவர். பெயரும் சாமியும் தமிழ். பேச்சு அவர்களுக்கே உரிய மலாய். என்னைத் தங்கை என்னும் பொருளில் 'அடெக்' என்று அழைப்பார். அவர் மலாயில் சொன்னவற்றை இங்கே தமிழில் தருகிறேன்.

நான் ஆங்கிலப் பள்ளியில் மேல்வகுப்புவரை படித்திருந்தேன். புதிய ஆட்சியாளர் நடத்திய வகுப்பில் ஜப்பானிய மொழியும் ஓரளவு கற்றிருந்தேன். காரைத் தாமே ஓட்ட விரும்பும் வாடிக்கையாளருக்கு அதன் குணங்களை எடுத்துரைப்பது என் பொறுப்பு.

அந்தக் கார் ஓடுவதை நம்பி எங்கள் அடுப்பு எரிந்தது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய காரியம் ஒன்றும் அதை நம்பியிருந்தது. போக்குவரத்து அலுவலகம் அப்பாவுக்கு ஒரு கைப்பட்டை கொடுத்திருந்தது. அது கையில் இருக்கும்வரை அவர் ஊருக்குத் தேவையானவர். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிப்பவர்கள் அவரைத் தொட மாட்டார்கள். கார் நின்றுவிட்டால் பட்டையைப் பறிப்பார்கள். பட்டை இல்லாவிட்டால் சயாம்தான். அங்கே கொண்டுபோகப்பட்ட ரப்பர் தோட்டத்து ஆட்களில் ஒருவர்கூட அதுவரை எங்கள் பக்கம் திரும்பி வரவில்லை. ஆகவே யார் எங்கள் காரை ஓட்டிச் சென்றாலும் அவர்கள் அப்பாவையும் சேர்த்தே கொண்டுபோனார்கள்.

கையுறைக்காரர்

சிங்கப்பூரில் வணிக நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த ஜப்பானியர் ஒருவர் விடுப்பில் மலாக்காவைப் பார்க்க வந்தார். கோட்டை வாயிலையும் கடற்கரையையும் தாமே ஓட்டிச் சென்று பார்க்க வேண்டும் என்றார். வெள்ளைக் கையுறை அணிந்திருந்தார். வந்ததும் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, புகைப்படத்துக்கு அமர்பவரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். நெருப்புப் பிடித்து வாயு வர அரைமணி நேரமாவது ஆகும் என்பதை நான் பணிவாகத் தெரிவித்தேன். அவர் தலையசைத்துவிட்டு அப்படியே இருந்தார். கார் குலுங்கவில்லை. பின்னால் யாரோ எதையோ சுற்றும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் ஆவல் பொறுக்காமல் இறங்கிப் பின்பக்கம் போனார்.

அங்கே நாயக்கர் குந்தி அமர்ந்து, கையால் சுற்றும் விசிறியால் உலையை ஊதிக்கொண்டிருந்தார். கையுறைக்காரருக்கு எல்லாமே தெரிய வேண்டியிருந்தது. என்ன மரத்துக் கரி? சதுப்பு நிலத்துப் பாக்காவ் மரம். சிரட்டைக் கரி போட்டால் என்ன? சூடு மிஞ்சி உலையையே தின்றுவிடும். ஈரக் கரி? கார் இருமும். ஒவ்வொன்றையும் நான் மொழிபெயர்த்தேன். அவர் கையுறைகளைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நாயக்கரை நகரச் சொல்லித் தாமே விசிறியைச் சுற்றினார். நெற்றியெல்லாம் கரி. உலை செக்கச் சிவந்ததும் எழுந்து, மிகுந்த நிறைவோடு சொன்னார்: "எங்கள் வீட்டில் குளிக்கத் தண்ணீர் காய்ச்சுவதும் இப்படித்தான். சொல்லுங்கள், இதில் எப்போது இறங்கிக் குளிக்கலாம்?"

நசுங்காத பழங்கள்

கார் கொட்டகையை விட்டுப் புறப்படும் முன் ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் ஓர் எலுமிச்சம்பழம் வைப்பது எங்கள் வழக்கம். பழம் நசுங்கினால்தான் கண்ணேறு கழியும். தமிழ் பேச வராத நாயக்கர் இந்த விஷயத்தில் எங்களைவிடக் கண்டிப்பானவர். விலை ஏறியிருந்த அந்நாளிலும் பழம் இல்லாமல் சக்கரத்தை உருள விடமாட்டார்.

ஒருநாள் வந்தவர் வயதான ஜப்பானியத் துணி வியாபாரி, மென்மையானவர். ஏறும் முன் காரைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். நான்கு பழங்களையும் பொறுக்கித் தம் கைக்குட்டையால் துடைத்து, இரு கைகளாலும் அப்பாவிடம் நீட்டினார். அப்பா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார், வேறென்ன செய்வது? நாயக்கர் அவற்றை வாங்கி மறுபடியும் வைத்தார். பெரியவர் மறுபடியும் பொறுக்கினார். மூன்றாம் முறை நாயக்கர் அவரைப் பார்த்த பார்வை எனக்குக் கவலை தந்ததால், இது வழியில் தீங்கு வராமல் இருக்கச் செய்வது என்று விளக்க முற்பட்டேன். என் ஜப்பானியம் அவ்வளவு தூரம் எட்டவில்லை. பெரியவர் பரிவோடு எங்கள் மூவரையும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பாவம், இந்த வீட்டில் காய்கறி வைக்க வேறு இடமே இல்லையா?"

விருந்துக்கு வந்த அம்மாள்

எல்லா வாடிக்கையாளரும் ஜப்பானியர் அல்லர். செமாபோக்கில் கிராணியாகக் கணக்கெழுதும் வேலை பார்த்த ஒருவரின் மாமியார், மகளைப் பார்த்துவிட்டு உடனே திரும்புவதாகத் தஞ்சாவூரிலிருந்து கப்பலேறி வந்தவர். போர் மூண்டு கப்பல் நின்றுவிட்டது. விடுமுறை முடியாமல் ஆண்டுக்கணக்கில் நீண்டுபோன ஒரே மனிதர் என் அறிவில் அவர்தான். 'வந்ததுக்கு ஊரையாவது பாக்கலாம்' என்று மருமகனை நச்சரித்துக் காரை எடுக்க வைத்தார். அப்பா ஓட்ட, நானும் உடன் சென்றேன்.

புக்கிட் பாருவுக்குப் போகும் வழியில் ஒரு சிறு மேடு உண்டு. கரிக்கார் ஆட்களைச் சுமந்துகொண்டு அதில் ஏறாது. எல்லோரும் இறங்கி நடந்து உச்சியில் மீண்டும் ஏறிக்கொள்வது ஊரறிந்த முறை. கிராணி இறங்கினார், அவர் மனைவி இறங்கினார், நானும் இறங்கினேன். அம்மாள் அசையவில்லை. "அத்தே, கொஞ்ச தூரந்தான், எறங்குங்க" என்று மருமகன் கெஞ்சினார். "ஏன், எறங்குனா பின்னாடி வந்து தள்ளவும் சொல்வீங்களோ?" என்றார் அம்மாள். அப்பா விசையை மிதித்தார். கார் பாதி மேடு ஏறி, பெருமூச்சு விட்டு, வந்த வழியே மெல்லப் பின்னால் உருண்டு எங்கள் அருகில் வந்து நின்றது. அப்பா திரும்பி, "அம்மா, நீங்க எறங்கினாத்தான் ஏறும்" என்றார். அந்த அம்மாள் அவரைத் தலை முதல் கால்வரை அளந்துவிட்டுச் சொன்னார்: "நான் எறங்குனாத்தான் இது ஏறும்னா, நான் ஏறுறதுக்கு இது எதுக்குய்யா?"

மாலை ஆறு மணி

ஆட்சி மாறியதும் எங்கள் கடிகாரங்களையும் தோக்கியோ நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சூரியன் மட்டும் உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை. நடுப்பகல் வெயில் உச்சிக்கு வரும்போது கடிகாரம் இரண்டைத் தாண்டியிருக்கும். வாடகைக் கார்கள் மாலை ஆறு மணிக்குள் கொட்டகைக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி. ஆறு மணிக்கோ வெயில் இன்னும் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும்.

ஒரு ஜப்பானிய எழுத்தர் காரை எடுத்துப் போனார். ஆறு அடித்தது, அவர் வரவில்லை. காவலர் வந்து கேட்டால் அப்பாவின் பட்டைக்கு ஆபத்து. அப்பா சாலைக்கு நடுவில் போய் நின்றுகொண்டார். நான் எவ்வளவு அழைத்தும் வரவில்லை. நெடுநேரம் கழித்து எழுத்தர் சிரித்துக்கொண்டே வந்து இறங்கினார். கையில் கடிகாரம் கட்டியிருந்தார். ஆனால் நம்பியது வானத்தை. பொழுது சாயவே இல்லையே என்று கடற்கரையில் படுத்திருந்தாராம். தோக்கியோக்காரரே தோக்கியோ நேரத்தில் ஏமாந்துபோனது எனக்கு வியப்பாக இருந்தது. நாயக்கருக்கு வியப்பே இல்லை. பசியோடு உலையைத் தட்டிக் கரியை வெளியே தள்ளிக்கொண்டே சொன்னார்: "கடிகாரம் தோக்கியோவில் சாப்பிட்டு எழுந்துவிட்டது, அடெக். என் வயிறு இன்னும் மலாக்காவில்தான் உட்கார்ந்திருக்கிறது."

கழுவித் தந்தவர்

பட்டையைப் புதுப்பிக்கும் ஆய்வுக்கு முந்தைய நாள் யாருக்கும் கார் தரக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். ஆனால் வந்து நின்றவர் சீருடை அணிந்த லெப்டினண்ட். விடுப்பில் வந்திருந்தார். அவரிடம் மறுக்க இயலாது. அதிகம் பேசாத இளைஞர். கன்னங்கள் ஒட்டி, காய்ச்சலில் விழுந்து எழுந்தவர் போல இருந்தார். நான் சொன்ன விதிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக் காட்டினார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை ஏற்பட்டது.

பிற்பகலில் காரை நான்கு சிறுவர்கள் தள்ளிக்கொண்டு வர, அவர் கூடவே நடந்து வந்தார். கார் பளபளவென்று இருந்தது. இரவல் பொருளை வாங்கியபோது இருந்ததைவிடத் தூய்மையாகத் திருப்பித் தருவது அவர் வளர்ந்த முறை. அதன்படி கடற்கரையில் நிறுத்தி, வாளியில் தண்ணீர் மொண்டு, கண்ணாடி, கதவு, சக்கரம் எல்லாவற்றையும் கழுவியிருக்கிறார். மிகவும் அழுக்காக இருந்தது உலை என்பதால் அதற்கு மட்டும் தாராளமாக ஊற்றியிருக்கிறார். கனன்றுகொண்டிருந்த இரும்பு மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டது. நாயக்கர் பிளவில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு வாரம்" என்றார். ஆய்வு மறுநாள் காலையில்.

அப்பா உள்ளே போய்விட்டார். நான் போகவில்லை. லெப்டினண்டின் எதிரில் நின்று, எனக்குத் தெரிந்த மரியாதைச் சொற்கள் அனைத்தையும் பயன்படுத்தி, நாளை இந்தக் கார் அலுவலகத்தில் ஓடி நிற்காவிட்டால் என் தந்தையைச் சயாம் ரயில் பாதைக்கு அனுப்புவார்கள் என்று சொன்னேன். சயாம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. தாம் விடுப்பில் வந்திருப்பது அங்கிருந்துதான் என்றார். அப்பாவின் வயதைக் கேட்டார். சொன்னேன். ஈரமான அந்த உலையை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "அந்த வயதில் அங்கே போகக் கூடாது. நாளை நானே ஓட்டுகிறேன்."

ஓசையற்ற இயந்திரம்

எதை ஓட்டுவார் என்று எங்களுக்கு விளங்கவில்லை. ஆனால் காலையில் சொன்னபடி வந்து ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். அப்பாவைப் பக்கத்தில் அமர வைத்து, கைப்பட்டை வெளியே தெரியும்படி முழங்கையை ஜன்னலில் வைக்கச் சொன்னார். மொழிபெயர்க்க நான் பின்னிருக்கையில். நாயக்கர் உடைந்த உலைக்குள் தேங்காய் மட்டையைக் கொளுத்திப் போட்டார், புகைக்குக் குறைவில்லை. அவரும் உறவினர் இருவரும் தள்ளத் தள்ள ஊர்ந்தோம். அலுவலக வாசலுக்கு முன் சாலை சற்றே சரியும். அந்த இடத்தில் அவர்கள் கையை எடுத்தார்கள். கார் தானாக உருண்டு உள்ளே நுழைந்தது. லெப்டினண்ட் அதை, ஆய்வுக்காகக் காத்து நின்ற சார்ஜெண்டின் காலடியில் அழகாக நிறுத்தினார்.

சார்ஜெண்ட் விறைத்து நின்று வணக்கம் வைத்தார். புகைக்குள் குனிந்து பார்த்தார். காதை முன்னால் நீட்டிக் கேட்டார். அப்பா முழங்கையை ஜன்னலுக்கு வெளியே இன்னும் சற்றுத் தள்ளி வைத்தார். "கரிச் சிக்கனம். நின்றிருக்கும்போது இயக்குவதில்லை" என்றார் லெப்டினண்ட், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல். சார்ஜெண்ட் அப்பாவின் பட்டையை வாங்கி, புதிய முத்திரை குத்தித் திருப்பித் தந்தார். வெளியே போகவும் அதே சிக்கனம் தேவைப்பட்டது. சார்ஜெண்டின் ஆட்கள் நால்வர் எங்களை வாசல்வரை தள்ளிவிட்டார்கள்.

ஒருவர் ஒருநாள் காலையில் எங்கள் காரில் அமர்ந்தார் என்பதற்காக, அந்த ரயில் பாதையில் மாண்டவர்களுக்குச் செய்த கொடுமை குறைந்துவிடாது. அதை அவரும் அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன். அப்பா சயாமுக்குப் போகவில்லை. சார்ஜெண்டுக்கு எவ்வளவு தெரியும் என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்காத செய்தி. நாங்கள் வாசலைத் தாண்டும்போது அவர் தம் எழுத்தரிடம் உரக்கச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது: "குறித்துக்கொள். இந்த ஊரிலேயே சத்தமில்லாமல் ஓடும் கார் இது ஒன்றுதான்."

ஆகவே, வாடகைக் காரைத் திருப்பித் தரும்போது அதை அழுக்காகவே தந்துவிடுங்கள் வாசகர்களே. கழுவித்தான் தருவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள், மறுநாள் காலையில் வந்து அதை ஓட்டியும் காட்ட வேண்டியிருக்கும்.