சயாமில் கற்ற கொரிய வணக்கம்

யுத்தத்தின்போது சயாமில் ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போட்டுவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர் அவர். நாமகிரிப்பேட்டை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒட்டிய கன்னம், பாதிப் பல். ஏறுகிறவர்களுக்கெல்லாம் குனிந்து “அன்னியோங் ஹஸிம்நிகா” என்பார், இறங்குகிறவர்களுக்கு “அன்னியோங்ஹி கஷிப்ஷியோ.” அங்கே ஜப்பான் படையில் காவல் நின்ற கொரியாக்காரன், கன்னத்தில் விட்ட அறைக்கொரு சொல்லாகக் கற்பித்தானாம். நம்மூர் வாத்தியார்களுக்குச் சளைத்தவனில்லை!

“வணக்கம், வழியனுப்பு ரெண்டும் சரிங்க. நடுவுல என்ன பேசிக்குவீங்க?” என்று கேட்டேன்.

“நடுவுல பேச்சே இல்லீங்க. ஒதைதான்.”

பஸ்ஸே சிரித்தது. அவர் ஊர் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க, ஊட்டுல எனக்குக் கருமாதியே பண்ணிட்டாங்களாம். வாசல்ல நின்னு மொதல்ல என்னங்க சொல்லட்டும்?”

பிடித்த கையை விடாமல் பஸ் படிவரை அவர்கூடப் போனேன்.

இறங்கியவர், கிளம்பிய பஸ்ஸைப் பார்த்துக் குனிந்து, “அன்னியோங்ஹி கஷிப்ஷியோ” என்றார். நாங்கள் மறையும்வரை ஊர்ப்பக்கம் திரும்பவே இல்லை.