மூக்கரும் சுவரில் கத்தும் பெட்டியும்

அந்தத் தொழிற்சாலை கேன்டீனின் தலைமைச் சமையல்காரரை எல்லோரும் மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு பெரிசு என்பதால் அல்ல. பக்கத்து அறையில் எண்ணெய் காய்ந்தாலும் இங்கிருந்தே கண்டுபிடித்துவிடும் கில்லாடி மூக்கு! காலையில் அவர் குனிந்து கேஸ் குழாயை மோந்து பார்த்து, "ம், ஏத்து" என்று சொல்லும்வரை அந்தச் சமையலறையில் யாரும் லைட்டரைத் தொட மாட்டார்கள்.

அப்பேர்ப்பட்டவரைக் கேட்காமலே மேனேஜர் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டிவிட்டார். கேஸ் கசிந்தால் அது கத்துமாம். மூக்கருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னிக்கு மோந்து பாக்க மெஷினு, நாளைக்குச் சமைக்க மெஷினு. எனக்கு ஆப்பு வைக்கத்தான் இந்த வேலையெல்லாம்" என்று காய் நறுக்கும் அக்காவிடம் பொருமினார்.

அன்றிலிருந்து பெட்டியைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார். அதுவும் சும்மா இருந்ததா? கரப்பான் பூச்சிக்கு மருந்தடித்த அன்று ஊரையே கூட்டியது. மூக்கருக்கு ஒரே கொண்டாட்டம்.

"பூச்சி மருந்துக்கும் கேஸுக்கும் வித்தியாசம் தெரியல. இதை நம்பி உசுரைக் குடுக்கச் சொல்றீங்களா சார்?"

மேனேஜர் மெல்ல நழுவிவிட்டார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் பெட்டி மறுபடியும் அலறியது.

"ஆரம்பிச்சுட்டான்யா!" மூக்கர் குனிந்து குழாயை மோந்தார், அடுப்பை மோந்தார். ஒன்றுமில்லை. பெட்டியின் பேட்டரியைப் பிடுங்கி வீசினார். "பொய்க்காரப் பய. நீ ஏத்தும்மா."

அக்கா கையில் லைட்டரோடு அசையாமல் நின்றாள்.

"அண்ணே, நாறுது."

"என்ன நாறுது? நான்தான் மோந்து பாத்தேனே!"

அவள் லைட்டரைத் தூர வைத்துவிட்டு ஓடிப்போய் சிலிண்டரை மூடினாள், ஜன்னல்களைத் திறந்தாள். பிறகு ரப்பர் குழாயைத் திருப்பிக் காட்டினாள். அடிப்பக்கம் விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது, அவர் மோந்த இடத்துக்குப் பக்கத்திலேயே.

மூக்கர் குனிந்து அந்த வெடிப்பைத் தொட்டுப் பார்த்தார். இவளை ஏற்றச் சொன்னோமே, பாவி!

"எத்தனை நாளாம்மா என் மூக்கு இப்படி?"

"போன மாசம் காய்ச்சல்ல படுத்து எழுந்து வந்தீங்கல்ல, அதுலேருந்துண்ணே. சாதம் கருகினப்ப நீங்க பக்கத்துலதான் நின்னீங்க. நான் சத்தமில்லாம கொட்டிட்டேன். உங்ககிட்டப் போய் எப்படிச் சொல்றது?"

மூக்கர் பலகையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து இரண்டாக வெட்டினார். மூக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தார். கண் எரிந்து தண்ணீராகக் கொட்டியது. வாசனை வரவில்லை.