கொள்ளுத் தண்ணீர் என்று சொன்னேன்

அந்தப் பொய்யை நான் முதன்முதலில் சொன்னது ஆனைமலையில், என் நாத்தனார் மகள் கல்யாணத்தில், மண்டபத்தின் கை கழுவும் இடத்தில். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் முக்கியமான விசாரணைகள் எல்லாம் அங்கேதான் நடக்கும்.

"ஏனுங்க, நீங்கதானா? பாதி ஆளக் காணோமுங்க! என்னங்க பண்ணுனீங்க?" என்று கேட்டார் என் கணவரின் சித்தி. அவருக்குப் பின்னால் ஆறேழு பெண்கள் ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் பதிலுக்காக நின்றார்கள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் நான் நூற்றுப் பதினெட்டு கிலோ. அன்றைக்கு எண்பத்து நான்கு. நடுவில் நடந்தது ஓர் அறுவை சிகிச்சை. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சின்ன வாழைக்காய் அளவுக்குக் குழாயாக்கிவிட்டார்கள். இதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் போதும். நான் சொன்னது வேறு.

"ஒண்ணும் பெருசா இல்லீங்க சித்தி. தெனமும் கொள்ளுத் தண்ணி. கூடக் கொஞ்சம் நடை. அவ்வளவுதானுங்க."

கொள்ளைத் தேர்ந்தெடுத்தது என் கெட்டிக்காரத்தனம். வெளிநாட்டுப் பவுடர் என்று சொல்லியிருந்தால் டப்பாவைக் காட்டச் சொல்லியிருப்பார்கள். டாக்டர் என்றால் எந்த டாக்டர் என்று ஆரம்பிக்கும். கொள்ளுக்குக் குறுக்கு விசாரணை கிடையாது. கொள்ளுப் பருப்பும் கொள்ளு ரசமும் இல்லாத அடுப்படி கொங்கு நாட்டில் ஏது? எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் ஆடின. "நாந்தான் சொன்னேனல்லங்க, கொள்ளுக்கு மிஞ்சி எதுவுமில்லைன்னு" என்று ஒருவர் இன்னொருவரை முழங்கையால் இடித்தார். எனக்குப் பெருமையாகவே இருந்தது.

நான் கணக்கு டீச்சர். சரவணம்பட்டியில் ஒரு பள்ளியில் இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். விடையை மட்டும் எழுதி வழிமுறையை விட்டுவிடும் பிள்ளைகளுக்குக் கூசாமல் மதிப்பெண்ணை வெட்டுகிறவள். அப்படிப்பட்டவள் சரியான விடைக்குப் பொய்யான வழிமுறையை எழுதிக் கொடுத்துவிட்டு, பந்தியில் போய் உட்கார்ந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று இப்போது கேட்டால் பதில் இருக்கிறது. குண்டான பெண்ணை ஊர் என்னவெல்லாம் பேசும் என்பதை முப்பது வருடமாகக் கேட்டுவிட்டேன். "வாயக் கட்டத் தெரியாம வயித்த வெட்டிக்கிட்டா" என்பதையும் புதிதாகக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. என் கணவருக்கும் மகளுக்கும் மட்டும் விஷயம் தெரியும். மற்றவர்களுக்குச் சொன்னது பித்தப்பையில் கல். வயிற்றில் ஐந்து சின்னத் தழும்புகள். எந்த ஆபரேஷனின் தழும்பு என்று அதில் எழுதியா இருக்கிறது?

அந்தப் பித்தப்பைக் கதையை நம்பி, ஆஸ்பத்திரிக்கு நான்கு இளநீரோடு ஓடி வந்தவள் என் தங்கை. அந்தியூரில் இருக்கிறாள், வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். எங்கள் இருவருக்கும் அப்பாவின் உடம்பு. அவள் நூற்றிரண்டு கிலோ, சர்க்கரை நோய்க்கு மாத்திரை வேறு. அவள் வாயில் எதுவும் தங்காது என்பதால் அவளிடமும் மறைத்தேன். கல்யாண மண்டபத்தில் அந்த ஆறேழு பேருக்குப் பின்னால் அவளும் நின்றிருக்கிறாள். பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டருகில் என் காதோடு கேட்டாள்.

"எத்தன டம்ளர், அக்கா?"

"காலைல ரெண்டு, சாயங்காலம் ஒண்ணு" என்றேன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

*

உண்மையைப் பேச எனக்கு ஓர் இடம் இருந்தது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, அதே ஆஸ்பத்திரியின் மாடியில், இதே ஆபரேஷன் செய்துகொண்ட பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். நடத்துவது ஓர் உணவு ஆலோசகர். முப்பதைத் தாண்டாத பெண். குரல் பஞ்சு, பிடிவாதம் கருங்கல். வயதில் மூத்தவர்கள் எல்லாம் அவரை அம்மணி என்றே கூப்பிடுவோம். முட்டையோ பருப்போ பனீரோ, அதுதான் முதல் வாய். சோறு கடைசி. ஒரு வாயை இருபது தடவையாவது மெல்ல வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி கழித்துத்தான். சத்து மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. இதையே மாதா மாதம் சொல்வார். மாதா மாதம் எங்களில் யாராவது ஒருவர் தப்பு செய்துவிட்டு வந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்போம்.

அந்தக் கூட்டம் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது. இரண்டாவது மாதம் அரைத் தோசையை அவசரமாக விழுங்கிவிட்டு, பள்ளிக் கழிப்பறையில் வாந்தி எடுத்து அழுதேன். நான்காவது மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வீட்டில் சொன்னால் பயப்படுவார்கள். அங்கே சொன்னபோது, எதிரில் இருந்த வங்கி அதிகாரி அம்மா பேசாமல் தன் கொண்டையை அவிழ்த்து வகிட்டைக் காட்டினார். "எனக்கும் போச்சுங்க. இப்பத் திரும்பி மொளைக்குது பாருங்க" என்றார். அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்னொருவர் பெரியகடை வீதிப் பக்கம் ஜவுளி வியாபாரம் செய்யும் பாய். அறுபதை நெருங்குகிறவர். விருந்துக்குப் போனால் எப்படித் தப்பிப்பது என்று நான் கேட்டபோது ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்.

"ஏனுங்கம்மா, நீங்க எலையில உக்காந்தாத்தான வம்பு? வாளியத் தூக்கிக்குங்க. எங்க ஊட்டுக் கல்யாணத்துல நாந்தான் பிரியாணி பரிமாறுவேன். வாளி கையில இருக்கறவனப் பாத்து யாரும் நீ தின்னியான்னு கேக்க மாட்டாங்க."

இலையில் மிச்சம் வைத்தால் சமையலைக் குறை சொன்னதாக எடுத்துக்கொள்ளும் ஊரில் இதைவிட நல்ல மருந்து வேறு இல்லை. ஆனைமலையில் அது எனக்கு நினைவு வரவில்லை என்பதுதான் வருத்தம்.

கல்யாணம் முடிந்து நடந்த கூட்டத்தில் அம்மணி ஒன்று கேட்டார். "வெளியில கேக்கறவங்ககிட்ட என்ன சொல்லியிருக்கீங்க? எல்லாரும் உண்மையச் சொல்லுங்க." பாய் நடைப்பயிற்சி என்று சொல்லியிருந்தார். வங்கி அம்மா தைராய்டு. ஒருவர் சித்த வைத்தியம். ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு எழுந்தது. என் கொள்ளுத் தண்ணீருக்குத்தான் அதிகம் சிரித்தார்கள். அம்மணி மட்டும் சிரிக்கவில்லை.

"அத நெசம்னு நம்பி யாராச்சும் குடிச்சா என்ன பண்ணுவீங்க, டீச்சர்?"

"கொள்ளுதானுங்களே அம்மணி, வெசமா?" என்று நான் மடக்கினேன். வகுப்பில் பிள்ளைகளிடம் பேசிப் பழகிய வாய்.

*

தங்கை வாரம் இரண்டு தடவையாவது கூப்பிடுவாள். எடுத்ததும் "சாப்டியாக்கா?" அதற்கு என் பதிலும் தயாராக இருக்கும்: "ஆச்சு கண்ணு, நல்லாச் சாப்ட்டேன்." அதன் பிறகு அவளுடைய கணக்கு ஆரம்பிக்கும். முதல் மாதம் மூன்று கிலோ குறைந்தது என்று பூரித்தாள். இரண்டாவது மாதம் ஒன்று. அப்புறம் முள் நகரவே இல்லை.

"கொள்ள வறுத்துப் போடணுமா, பச்சையாவா? நீ எப்படிப் போட்டே?"

"வறுத்துத்தான்" என்றேன்.

"நடுவுல நீ இட்லி கிட்லி தின்னியா?"

"ரொம்பத் தின்னல. பொறுமையா இரு, போகும்." எனக்குச் சலிப்பாக இருந்தது. எதற்கு இவ்வளவு கேள்வி என்று கோபம்கூட வந்தது. மாட்டிக்கொண்டவருக்கு வருகிற கோபம் அது என்று இப்போது தெரிகிறது.

நான் 'ரொம்பத் தின்னல' என்றதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டு காலைப் பலகாரத்தை நிறுத்தியிருக்கிறாள். சர்க்கரை மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. மூன்றாவது மாதம் ஒரு நாள் அந்தியூர் சந்தையில், தக்காளிக் கடைக்கு முன்னால், வியர்த்து நடுங்கி மயங்கி விழுந்துவிட்டாள். தராசின் விளிம்பில் மோதி உதடு கிழிந்தது. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டதால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டதாம். இன்னும் கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் அந்தியூர் ஆஸ்பத்திரி டாக்டர்.

சத்தி ரோட்டில் பஸ் ஏறி, கோபி வழியாக அந்தியூர் போய்ச் சேர்ந்தேன். உதட்டில் தையலோடு படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கண் நிறைந்துவிட்டது.

"மன்னிச்சுரு அக்கா. உன்னையாட்ட எனக்கு மனசு உறுதி இல்ல. நீ செஞ்சத என்னால செய்ய முடியல."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் வைத்து எதற்கு, உடம்பு தேறட்டும் என்று எனக்கு நானே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் என்னை எனக்கே பிடிக்கவில்லை.

அந்த வாரம் இரண்டாவது சனிக்கிழமை வந்தது. கூட்டத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். அழுதேன். வங்கி அம்மா முதுகைத் தடவிக் கொடுத்தார். பாய்தான் கொஞ்சம் கடுமையாகப் பேசினார்.

"எங்ககிட்ட சொல்லி என்னங்கம்மா ஆகப் போகுது? எங்களுக்குத்தான் மொதல்லயே தெரியுமே. தெரிய வேண்டிய ஆளு அந்தியூர்லயல்ல இருக்காங்க?"

அம்மணி என்னைக் குத்திக் காட்டவில்லை. "மாத்திரை அளவ டாக்டர் பாத்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் சாப்பிடாம மாத்திரை போட வேண்டாம்னு இன்னைக்கே சொல்லிருங்க" என்றார். கிளம்பும்போது, "அடுத்த மாசம் அவங்களையும் கூட்டிட்டு வாங்க. ஆபரேஷன் பண்ணுனாத்தான் இங்க வரணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல" என்றும் சொன்னார்.

*

மாத்திரை விஷயத்தை அங்கிருந்தே போனில் சொல்லிவிட்டேன். மற்றதைச் சொல்ல மறுநாள் நேரில் போனேன். தங்கை அடுப்படியில் கொள்ளை வறுத்துக்கொண்டிருந்தாள். உதட்டுத் தையல்கூட இன்னும் பிரிக்கவில்லை. திரும்பவும் ஆரம்பித்துவிட்டாள், இந்தத் தடவை ஒழுங்காகச் செய்யப் போகிறாளாம்.

அடுப்பை அணைத்தேன். சேலையை விலக்கி வயிற்றைக் காட்டினேன். "இது பித்தப்பை இல்ல கண்ணு. இரைப்பைய வெட்டி எடுத்தாச்சு. கொள்ளுத் தண்ணிய நான் ஒரு நாளும் குடிக்கல."

அவள் தழும்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மூணு மாசமா என்னைய நானே சோம்பேறி, தீனிப் பண்டாரம்னு திட்டிட்டு இருந்தேன்" என்றாள் மெதுவாக. "வறுத்துப் போடணுமான்னு கேட்டேனே. வறுத்துத்தான்னு சொன்னியே."

அவள் வாணலியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனவள், நான் கிளம்பும்வரை உள்ளே வரவில்லை.

அதன் பிறகு போன் வரவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. டாக்டரைப் பார்த்து மாத்திரையைக் குறைத்துவிட்டாள் என்று அவள் கணவர் சொல்லித்தான் தெரியும். கூட்டம் நடக்கும் நாளையும் நேரத்தையும் வாட்ஸாப்பில் அனுப்பினேன். பார்த்ததற்கு இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன, அவ்வளவுதான். "சாப்டியாக்கா?" என்ற கேள்வி இல்லாமல் நான்கு வாரம் எப்படி நீளும் என்று அப்போதுதான் கண்டேன்.

அடுத்த இரண்டாவது சனிக்கிழமை கூட்டம் ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். கதவு திறந்தது. பஸ்ஸில் வந்த களைப்போடு தங்கை நின்றாள். என்னைப் பார்க்காமல், பாய்க்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். புதிதாக வருகிறவர்கள் தங்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வது அங்கே வழக்கம்.

"நான் ஆபரேஷன் பண்ணிக்கலீங்க" என்றாள். "இவங்க சொன்ன கொள்ளுத் தண்ணியக் குடிச்ச ஆளு நாந்தானுங்க."

கொள்ளுக்கு அன்று அவ்வளவு சிரித்தவர்கள் எல்லாம் என் பக்கம் திரும்பினார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மணி அவளிடம் மாத்திரை, டாக்டர், காலைச் சாப்பாடு என்று ஒவ்வொன்றாக நிதானமாகக் கேட்டார். காலையில் இரண்டு இட்லியும் ஒரு முட்டையும் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறியதாகச் சொன்னாள். அம்மணி சரியென்று தலையாட்டிக் குறித்துக்கொண்டார். பிறகு தங்கை என் பக்கம் திரும்பினாள்.

"நீ சாப்டியா?"

பழக்க தோஷத்தில் "ஆச்சு கண்ணு, நல்லா" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"அரை இட்லி. பாதி முட்டை. அவசரமா முழுங்கீட்டேன். பத்து மணிக்கு வாந்தி" என்றேன்.

"தெனமுமா?"

"வாரத்துல ரெண்டு மூணு நாள். ஒரு வருஷமா யார்கிட்டயும் சொல்லல."

தங்கை எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அம்மணியைப் பார்த்து, "மொதல்ல எங்கக்காளுக்கு என்னன்னு பாருங்க அம்மணி, எனக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள்.