லேத்துக்குக் குடிபூரல்

மெல்பேர்னின் ரோவில் பகுதியில் இருந்த எங்கள் வீட்டை அப்பா வாங்கியது வீட்டுக்காக அல்ல, பின்வளவில் நின்ற ஷெட்டுக்காகத்தான் என்று அம்மா வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லுவார். அதில் பொய் இல்லை. வீடு சின்னது. குசினிக்குள் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில் நின்றுதான் கதைக்க வேண்டும். ஷெட் அப்படியல்ல. முன்பு இருந்தவர் தன் படகை நிறுத்திவைத்த பெரிய தகரக் கொட்டகை அது. நான் சைக்கிள் ஓட்டப் பழகியது அதற்குள்தான்.

நான் சைக்கிளில் சுற்றிவருவதற்கு வசதியாக, ஷெட்டின் நடுவே அப்பாவின் லேத் நின்றது. இரும்பைச் சுழலவிட்டுச் சீவி எடுக்கும் இயந்திரம். அப்பா வேலைசெய்த தொழிற்சாலையை மூடியபோது, தான் முன்னால் நின்று வேலைசெய்த அதே லேத்தை வாங்கி லொறியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பிறகு பகலில் வேறோரிடத்தில் வேலை, பின்னேரங்களில் லேத். மெல்பேர்னின் கிழக்குப் பக்கத்தில் எந்தத் தமிழ் வீட்டில் கிரைண்டரின் தண்டு தேய்ந்தாலும், இடியப்ப உரலின் பிடி கழன்றாலும் அது எங்களிடம் வந்து சேரும். கொண்டுவந்தவர்கள் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவார்கள். தேத்தண்ணி போடுகிறவர் அம்மா. லேத் மேல் அவருக்கு இருந்த கோபத்தில் பாதி இதனால் வந்தது என்று நினைக்கிறேன்.

மற்றப் பாதி குளிரால் வந்தது. விண்டரில் அந்தத் தகரக் கொட்டகைக்குள் நிற்பதும் வெளியே புல்லில் நிற்பதும் ஒன்றுதான். அப்பா மூன்று ஜம்பர் போட்டுக்கொண்டு, விரல் விறைக்க விறைக்க வேலைசெய்வார். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவருக்கு நிமோனியா வந்தது. அம்மா எந்த ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தாரோ அங்கேயே போய்ப் படுத்தார். வீட்டுக்கு வந்த அன்று, சூப் கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு அம்மா தீர்ப்புச் சொன்னார்.

"ஒண்டில் உங்கட மெஷின், இல்லாட்டி உங்கட நெஞ்சு. ரெண்டையும் என்னால பாக்க ஏலாது."

அப்பா வாதாடவில்லை. உடம்பு தேறியதும் ஒரு சோக்குக் கட்டியை எடுத்துக்கொண்டு போய், லேத்தைச் சுற்றிச் சீமெந்து நிலத்தில் ஒரு சதுரம் கீறினார். ஷெட்டுக்குள் ஓர் அறை கட்டப்போகிறாராம். பதிந்த கூரை, பஞ்சு அடைத்த சுவர், ஒரு கதவு, ஒரு ஜன்னல். அவ்வளவுதான்.

"முழு ஷெட்டையும் சூடாக்கிறது ரோவிலைச் சூடாக்கிற மாதிரி. இது சின்னப் பெட்டி. ஒரு ஹீட்டர் போதும்," என்று அம்மாவிடம் விளக்கினார்.

அம்மா அறைக்குச் சம்மதித்தார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். வருகிற விண்டரில் அப்பா ஒரு தரம் இருமினாலும் லேத்தை விற்றுவிட வேண்டும். அம்மாவின் தம்பியான மாமா அப்போது அங்கே இருந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தான் அதற்குச் சாட்சி என்றார். எனக்கு மாமா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. லேத்திலிருந்து சுருள் சுருளாக விழும் இரும்பை ஒரு தகர ரின்னில் சேர்த்துவைத்திருந்தவள் நான். லேத் போனால் எனக்கு அந்த வீட்டில் என்ன இருக்கிறது?

மறுபடி வெயில் வந்ததும் வேலை தொடங்கியது. சாட்சி சொன்ன மாமாதான் சனிக்கிழமைகளில் மரச்சட்டம் பிடிக்கவும் வந்தார். கதவும் ஜன்னலும் தெருவிலிருந்து கிடைத்தன. எங்கள் பக்கத்தில் சனங்கள் வேண்டாத சாமான்களைக் கவுன்சில் எடுத்துப்போவதற்காக வீட்டுக்கு முன்னால் புல்லில் போட்டுவிடுவார்கள். அப்பா காரை ஊரவிட்டு ஒவ்வொரு குவியலாகப் பார்த்துக்கொண்டு போவார். தமிழ் ஆட்கள் யாரும் கண்டுவிடக்கூடாதே என்று அம்மா முன் ஆசனத்தில் குனிந்து, இல்லாத செருப்பு வாரைக் கட்டிக்கொண்டிருப்பார்.

என் வேலை காற்றுப் பிடிப்பது. சுவர் எழும்பியபின், அம்மாவின் சாமித் தட்டிலிருந்து ஊதுபத்தி ஒன்றை எடுத்துக் கொளுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நானும் அப்பாவும் நிற்போம். ஊதுபத்தியை மூலை மூலையாகக் கொண்டுபோவேன். புகை சாய்ந்தால் அங்கே ஓட்டை இருக்கிறது. நான் கத்துவேன், அப்பா அடைப்பார். கடைசியில் எங்கே பிடித்தாலும் புகை நேராக மேலே போயிற்று. அப்பா கையைக் கட்டிக்கொண்டு அந்தப் புகையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இங்கே அப்பாவின் சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். லேத்தின் படுக்கையில், அதாவது அதன் நீண்ட இரும்புத் தளத்தில், எப்போதும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கும். யாராவது தொட்டால், தொட்ட இடத்தில் திரும்ப எண்ணெய் பூசியாக வேண்டும். "இல்லாட்டி உன்ர அஞ்சு விரலும் நாளைக்குக் கறளாப் பதிஞ்சு நிக்கும், பிள்ளை," என்பார். கறள் என்றால் துரு. அப்பாவுக்கு இந்த உலகத்தில் பயம் இரண்டுதான். ஒன்று கறள், மற்றது அம்மா.

அறை முடிய, குளிரும் வந்துவிட்டது. ஹீட்டரைப் போட்டு வேலையைத் தொடங்க அப்பா துடித்துக்கொண்டிருந்தார். அம்மா விடவில்லை.

"நாலு சுவரும் கதவும் வைச்சால் அது வீடுதான். பால் காய்ச்சாமல் உள்ளுக்குப் போய், திரும்பவும் நெஞ்சு வருத்தம் வந்தால் ஆரைப் போய்க் கேக்கிறது?"

அப்படித்தான், புது வீட்டுக்குச் செய்வதைப்போல லேத்துக்கும் குடிபூரல் வந்தது. மாமா நல்ல நேரம் பார்த்துச் சொன்னார். ஒரு ஞாயிறு காலை. அடுத்த தெரு அன்ரியையும் அங்கிளையும் அழைத்திருந்தோம். அப்பா வெற்றிலையும் பூவும் வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரத்தில், அம்மா ஒரு வாளி சுடுதண்ணீரும் சட்டி கழுவும் சோப்பும் கொண்டு அறைக்குள் வந்தார்.

"சாமிக் காரியம். இந்த எண்ணெய் ஊத்தையோட விடலாமே?"

"அம்மா, அப்பா ஏசுவார்," என்றேன்.

"ஏசட்டும் பாப்பம்."

அம்மா அதுவரை லேத்தை ஒரு விரலால்கூடத் தொட்டதில்லை. அன்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு மூலை விடாமல் கழுவி, பழைய சீலைத்துண்டால் துடைத்து, அதன் நெற்றி என்று தனக்குப் பட்ட இடத்தில் மூன்று குறி விபூதி பூசினார். இரும்புப் படுக்கை நெடுகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். லேத் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது.

அப்பா பூப்பையோடு உள்ளே வந்தார். படுக்கையில் ஒரு விரலை வைத்து இழுத்து, அந்த விரலைப் பெருவிரலோடு உரசிப் பார்த்தார். அவர் கண் சுவர்த் தட்டில் இருந்த எண்ணெய்க் குப்பிக்குப் போய், பிறகு அம்மாவிடம் வந்தது. அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு, எனக்குப் பொட்டு வைக்கும்போது பார்ப்பதைப்போல உற்றுப் பார்த்துக் கடைசிப் பொட்டை வைத்துக்கொண்டிருந்தார். நான் ஏச்சுக்காகக் காத்திருந்தேன்.

"நல்லா மினுங்குது," என்றார் அப்பா. பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, "கதவைச் சாத்துங்கோ, சூடு போகுது," என்றார்.

காஸ் அடுப்பில் பால் பொங்கியது. பொங்கலும் அதே அடுப்பில்தான். வெளியே மழை, உள்ளே ஆறு பேர், ஒரு ஹீட்டர், ஒரு லேத். புகைகூட வெளியே போக முடியாத அறையில் ஆவி எங்கே போகும்? ஜன்னல் வெள்ளையாகி வடியத் தொடங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே லேத்திலும் முத்து முத்தாகத் தண்ணீர் பூத்தது.

"லேத்துக்கு வேர்க்குது!" என்று கத்தினேன்.

"அத்தான், ஹீட்டரைக் குறையுங்கோ, இரும்புக்கே தாங்கேல்லையாம்," என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அம்மா ஜம்பரைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, "நல்ல சூடாத்தான் இருக்கு," என்றார். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் அப்பா அவ்வளவு நாளும் பலகை அறுத்தார். பிறகு மூச்சு முட்டுகிறது என்று அம்மாவே கதவைத் திறந்துவிட்டு, எல்லோரையும் சாப்பிட வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்பா ஒரு தரம் திரும்பிப் போகப் பார்த்தார். பூசை வைத்த சாமானை அன்று முழுக்கத் தொடக்கூடாது என்று அம்மா மறித்துவிட்டார்.

மறுநாள் காலை நான்தான் முதலில் பார்த்தேன். படுக்கை நெடுகச் செம்மஞ்சள் படிந்திருந்தது. பொட்டு வைத்த இடங்களில் இன்னும் கடும் நிறம். என் சத்தம் கேட்டு இருவரும் ஓடிவந்தார்கள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"கறள். என்னாலதான். நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லோ?"

"எனக்கும் எண்ணெய் நினைவே வரேல்லை. மறந்துபோனன்," என்றார் அப்பா.

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா அங்கேதான் இருந்தார். கவிழ்த்த வாளியின்மேல், சட்டைக் கை முழங்கைவரை மடித்து, விரலெல்லாம் கறுப்பாக. இருவரும் நாள் முழுக்க மண்ணெண்ணெயும் கம்பிப் பஞ்சும் கொண்டு தேய்த்திருக்கிறார்கள். அப்பா வேலைக்குப் போகவில்லை. ஹீட்டர் முனகிக்கொண்டிருந்தது. அப்பா தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து அம்மாவிடம் நீட்டினார். அவர் தேத்தண்ணி போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, சீனி கூடிப்போச்சு என்றார், ஆனால் மிச்சம் வைக்கவில்லை.

அதன்பிறகு அம்மா அடிக்கடி அங்கே வரத் தொடங்கினார். கீரை ஆய, ஃபோன் கதைக்க, சும்மா இருக்க. வீட்டை விட அதற்குள்தான் சூடு என்றார். நானும் வீட்டுப்பாடத்தோடு போய்விடுவேன். அப்பா தனக்கென்று கட்டிய சின்னப் பெட்டிக்குள் கையை நீட்டி வேலைசெய்யக்கூட இடம் இல்லாமல் போயிற்று. அவர் குறை சொன்னதாக நினைவில்லை.

ஓகஸ்ட் மாதம், குளிர் முடியப்போகிற நேரத்தில், அது நடந்தது. இராச்சாப்பாட்டு மேசையில் அப்பா இருமினார். ஒன்றல்ல, தொடர்ந்து இரண்டு. சாட்சிக்கார மாமாவும் அன்று எங்களோடு மேசையில் இருந்தார். லேத் போய்விட்டது என்றே முடிவுசெய்து, அழுகையை அடக்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா தலை நிமிரவேயில்லை. "சம்பல் இன்னும் கொஞ்சம் போடட்டே?" என்று மாமாவைக் கேட்டார்.

சாப்பிட்டு முடிந்ததும் மாமாவை வெளியே இழுத்துக்கொண்டு போய், எனக்கிருந்த கவலையைச் சொன்னேன். அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது, தான் போட்ட எண்ணெய்ச் சட்டத்தையே மறந்துவிட்டார். அம்மாவுக்குக் காது கேட்கவில்லை, பக்கத்தில் இருமினதே தெரியவில்லை. இரண்டு பேருக்கும் வயது போய்விட்டது, இனி நான்தான் பார்க்க வேண்டுமா என்று கேட்டேன். மாமா காரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஏன் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அப்போது நாற்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை.