இன்னும் ஆரம்பிக்கவே இல்ல

நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இது பட்டப்பகலில், மூளை அலைகளைப் பதிவு செய்யும் ஓர் ஆய்வுக்கூடத்தில் உண்மையாகவே நடந்தது. அங்கே டெக்னீஷியனாக இருந்தவள் பேய் என்று யாராவது வாயெடுத்தாலே, "போய் வேலையைப் பாருங்க" என்பவள்.

அவளுடைய தம்பி கீபோர்டு வாசிப்பவன். மனம்போன போக்கில் வாசிக்க உட்கார்ந்தால் மணிக்கணக்காகும். கேட்டால், "அஞ்சு நிமிஷம்தானே ஆச்சு?" என்பான். போதை மாத்திரை எதையோ போட்டுக்கொண்டு வாசிக்கிறான் என்று அவளுக்குச் சந்தேகம். அம்மா அப்பா போனபின் அவளுக்கென்று மிச்சமிருந்தவன் அவன் ஒருவன்தான். அவனும் கைநழுவிவிடுவானோ என்ற பயத்தில், ஒரு விடுமுறை நாளில் அவனைக் கீபோர்டோடு ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிவந்து, வயர்கள் தொங்கும் தொப்பியைத் தலையில் மாட்டிவிட்டாள்.

"கண்ணை மூடிக்கோ. நான் சொன்னதும் தோணினத வாசி."

மணி 3.10. மைக்கில், "ஆரம்பி" என்றாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் விரல்கள் ஓடின. திரையில் நெற்றிப் பக்கத்துக் கோடுகள் அடங்கின. தன்னை மறந்து வாசித்த பலரிடம் அவள் பார்த்ததுதான் அது.

பிறகு ஒரு துள்ளல்... இன்னொன்று... கண் சிமிட்டினால் விழும் துள்ளல்.

திருட்டுத்தனமாகக் கடிகாரம் பார்க்கிறானோ? எழுந்துபோய்க் கண்ணாடியில் மூக்கு உரச நின்றாள். கண்கள் மூடியிருந்தன. இமை அசையவே இல்லை.

திரையில் சிமிட்டல்... சிமிட்டல்...

"போதும், நிறுத்து."

மணி 3.30.

"எவ்வளவு நேரம் வாசிச்ச?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லயேக்கா. நீ சொல்லவே இல்லயே."

"நடிக்காதடா."

அவன் முகம் வெளுத்திருந்தது. தொப்பியைக் கழற்றி, அதை மாட்டிவைக்கும் தெர்மாகோல் தலைமேல் கவிழ்த்துவிட்டு, அவனை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பதற்றத்தில் வயரைப் பிடுங்கவில்லை. பதிவையும் நிறுத்தவில்லை.

மறுநாள் காலை அவள் வந்தபோது திரை ஓடிக்கொண்டிருந்தது. தெர்மாகோலிலிருந்து என்ன வரும்? வெறும் இரைச்சல்தான் வர வேண்டும்.

நேற்று அவன் வாசித்தபோது இருந்ததைப் போலவே நெற்றிப் பக்கத்துக் கோடுகள் அடங்கியிருந்தன.

துள்ளல்... துள்ளல்...

தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், என்ன பண்றே?"

"வாசிச்சுப் பாக்குறேன்க்கா. மனப்பாடம் பண்ணினதெல்லாம் வருது. சொந்தமா ஒண்ணுமே வரல."

அவள் விரல் பதிவை நிறுத்தும் பொத்தானை நோக்கிப் போனது. பாதியில் நின்றது.

நிறுத்தினால்... எந்தத் தம்பி நின்றுபோவான்? தொப்பிக்குள் இருப்பவனா, வீட்டில் இருப்பவனா?

இன்றுவரை அவள் அதை அழுத்தவில்லை. யாரையும் அழுத்த விடுவதும் இல்லை.