சாவுக்கணக்கு அக்கா

"வணக்கம் சார், செத்தவங்களைப் பத்திக் கொஞ்சம் பேசணும். சாப்பிட்டாச்சா?" என்று போனில் கேட்டுக்கொண்டே டீ டம்ளரை உள்ளங்கையால் மூடிக்கொள்கிறார் அக்கா. பேச்சு முடிவதற்குள் டீ ஆறிவிடும். ஆறிய டீயைத்தான் எப்போதும் குடிக்கிறார். மறுமுனையில் ஏதோ ஒரு போலீஸ் ஸ்டேஷன் எழுத்தர் சாக்குச் சொல்கிறார். "பரவாயில்ல சார், நீங்க மெதுவா தேடுங்க. நான் போனை வைக்க மாட்டேன்" என்கிறார் அக்கா. தேடிக் கொடுத்துவிடுவதுதான் நிம்மதி என்று அந்த மனிதருக்குச் சீக்கிரமே புரிந்துவிடும்.

மாநிலத்தின் எந்த மூலையில் ஒருவர் கொலையுண்டாலும் சரி, தன்னைத்தானே மாய்த்துக்கொண்டாலும் சரி, அவரைப் பற்றிய காகிதங்கள் ஆளுக்கொரு திசையில் தூங்கும். போலீஸ் அறிக்கை ஒரு அலமாரியில், பிரேதப் பரிசோதனை அறிக்கை வேறொன்றில், இறப்புச் சான்றிதழ் இன்னொரு கட்டடத்தில். ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்ததே கிடையாது. எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்தால், எங்கே, எப்படிச் சாகிறார்கள் என்று தெரியும். அடுத்த சாவையாவது தடுக்கலாம். இதற்காகத்தான் சுகாதாரத் துறை எங்களுக்கு ஓர் அறையும் ஒழுகும் ஏசியும் கொடுத்தது. கம்ப்யூட்டர் திரையில் கட்டங்கள் போடுவது என் வேலை. அவற்றை நிரப்ப ஊர் ஊராகப் போய் ஸ்டேஷன்களையும் சவக்கிடங்குகளையும் வழிக்குக் கொண்டுவருவது அக்காவின் வேலை. 'சாவுக்கணக்கு அக்கா' என்பது ஸ்டேஷன்காரர்கள் வைத்த பெயர். "வெச்சா வெச்சுட்டுப் போகட்டும், கணக்கு வந்தாச் சரி" என்பார்.

மனத்திடம் உள்ளவர் என்று நினைத்துவிட வேண்டாம். டிவியில் அடிதடி வந்தால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாராம். அவருடைய மகள் ஒருநாள் எங்களிடம் சொன்னாள்: "நான் வீட்டுக்கு வரக் கொஞ்சம் லேட்டானா போதும், அம்மா மனசுல எனக்குப் போஸ்ட்மார்ட்டமே முடிஞ்சிருக்கும்!" எல்லோரும் சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

எங்கள் கணக்கில் இறந்தவரின் பெயர் வரக் கூடாது என்பது சட்டம். எண் மட்டும்தான். பெயருக்கான கட்டத்தைத் திரையிலிருந்து எடுத்தவனும் நான்தான். அக்காவுக்கு எண்கள் வாயில் நுழையாது. "அந்தப் பால் வண்டிக்காரர்", "பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டிருந்த பொண்ணு" என்றுதான் பேசுவார், ஏதோ பக்கத்து வீட்டு ஆட்களைப் போல.

காகிதங்கள் ஒன்றுசேர்ந்ததும் முதலில் தலைகாட்டியது ஆற்றுப் பாலம். இந்தக் கரை ஒரு ஸ்டேஷன், அந்தக் கரை இன்னொரு ஸ்டேஷன். தன் பக்கத்தில் எப்போதோ நடக்கும் விபத்து என்று இரண்டு ஸ்டேஷனும் நினைத்திருந்தன; சேர்த்துப் பார்த்தால் அடிக்கடி நடந்திருந்தது. எல்லாப் போலீஸ் அறிக்கையிலும் 'தவறி விழுந்தார்' என்றே எழுதியிருந்தது. தவறி விழுந்தால் எச்சரிக்கைப் பலகை போதும், பாலத்தின் கைப்பிடிக் கம்பியை உயர்த்தத் தேவையில்லை என்றது நெடுஞ்சாலைத் துறை. அக்காவுக்கு வந்ததே கோபம்! "தவறி விழுறவன் செருப்பையும் போனையும் ஓரமா எடுத்து வெச்சிட்டா விழுவான்?" என்று கேட்டுவிட்டு, பொருந்தாத காகிதங்களை மறுபடி சரிபார்க்கச் சொல்லி இரண்டு ஸ்டேஷனுக்கும் போன் போட்டார்.

அந்தச் செய்தி கசிந்துதான் ஒருவர் எங்கள் அறைக்கு வந்தார். பம்புசெட் மெக்கானிக். நகக்கண்ணில் கிரீஸ். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எங்க பையன் காயிதத்தை நீங்க திரும்பக் கேட்டீங்களாமே. தவறி விழுந்தான்னே இருக்கட்டும்மா. நான்தான் ஸ்டேஷன்ல கெஞ்சி அப்படி எழுத வெச்சேன். அவங்கம்மா அதைத்தான் நம்பிக்கிட்டு இருக்கா."

"ஸ்டேஷன் காயிதத்தை நான் தொட மாட்டேண்ணே. உங்க வீட்டுக்கும் எதுவும் வராது. ஆனா எங்க கணக்குல நடந்ததைத்தான் எழுதணும். அதுல பேரு கிடையாது."

"பேரே இல்லன்னா அது அவன்தான்னு எப்படித் தெரியும்?"

நான் திரைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. அக்கா ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம்.

"தெரியாதுண்ணே" என்றார்.

அவர், "எழுதினா என்னம்மா ஆகும்?" என்றார்.

"கம்பியை உசத்தச் சொல்லி நான் சண்டை போடலாம். தவறி விழுந்ததாவே இருந்தா ஒரு போர்டு வெச்சுட்டுப் போயிடுவாங்க. நாளைக்கு இன்னொரு வீட்டுப் பையன் அங்க வந்து நிப்பான்."

அவர் தன் இடுப்பில் கையை வைத்துக் காட்டினார். "இப்ப இவ்வளவுதான் இருக்கு. நான் போய் நின்னு பார்த்தேன்."

பிறகு சுவரோரம் போய் வலக்கையை மேலே நீட்டினார். அது போதவில்லை அவருக்கு. குதிகாலை உயர்த்தி, விரல்களை இன்னும் எட்ட நீட்டினார். "இவ்வளவு வைக்கச் சொல்லுங்க. அவன் என்னைவிட உசரம்மா."

அக்கா மேசையில் கிடந்த பென்சிலை எடுத்தார். நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டார்.

"கையை எடுத்துடாதீங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே அதன் மேல் ஏறினார்.