மஞ்சள் சட்டைக்காரன்

றதி அக்கா தீட்டிய முகத்தை அழித்தவன் நான்தான்.

அவருடைய கணவர் சிவா அண்ணைக்கு இன்றுவரை தெரியாது. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

அண்ணைக்கு மேசையில் போர் விளையாடும் பழக்கம். விரல் உயரத்தில் உலோகப் பொம்மைகள், அளவு நாடா, தாயக்கட்டை. அவருடையது பழைய காலத்து அயர்லாந்துப் படை. அங்கே போய்க் குடியேறிய ஆங்கிலப் பிரபுக்கள் கவசத்தோடு குதிரையில். அவர்களுக்காகச் சண்டைபிடிக்கும் ஐரிஷ்காரர் வெறுங்காலோடு, கையில் எறியீட்டி.

ஸ்பிரிங்வேலில் இருந்த அவர்கள் வீட்டுக் குசினி மேசையில் வைத்து அக்காதான் எல்லோருக்கும் நிறம் தீட்டினார்.

"காலில செருப்பில்லை, உவையளுக்கு மஞ்சள் சட்டை கேக்குது!" என்று சிரிப்பார்.

அக்கா செத்தபிறகு அண்ணை விளையாடவில்லை. "சும்மா கிடக்குது, கொண்டுபோய் விளையாடு. கவனம் தம்பி" என்று படையை எனக்கு இரவல் தந்தார்.

நான் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். படிப்பில்லை, நிறம் தெரியும். அந்தத் திமிர்!

முன்வரிசையில் ஒரு ஐரிஷ்காரன். அவன்மேல் குசினி எண்ணெய்ப் பிசுக்கு. துடைத்துக் கொடுப்போம் என்று வேலையிடத்தில் பெயின்டைக் கரைக்கும் தின்னரைத் துணியில் தொட்டேன். கார் என்றால் நிறத்துக்கு மேல் அதைக் காக்கிற கிளியர் பூச்சு இருக்கும். இதிலும் இருக்கும் என்று நினைத்தேன்...

இருக்கவில்லை. ஒரே துடைப்பு. முகமும் சட்டையும் துணியோடு வந்துவிட்டன.

சொல்லியிருக்கலாம்தானே? ஏன் சொல்லவில்லை? அண்ணை ஏசவும் மாட்டார். பேசாமல் இருப்பார். அதற்குத்தான் பயந்தேனோ... தெரியாது.

மற்றப் பொம்மைகளைப் பார்த்து நிறம் கலந்தேன். சட்டை, தாடி, கண். பழைய பூச்சு எது, புதுப்பூச்சு எது என்று தெரியக்கூடாது. அதுதான் என் தொழில். தெரியவில்லை. படையை அண்ணையிடம் திருப்பிக் கொடுத்தேன்.

இந்த வருடம் அண்ணை முதியோர் இல்லத்துக்குப் போனார். சாமான் கட்ட நான் போனேன். படைப்பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தார்.

"இடமில்லை தம்பி. எல்லாத்தையும் நீயே வைச்சிரு. அவளின்ர கை பட்டதில ஒண்டு மட்டும் எனக்குக் காணும்."

ஒவ்வொன்றாய்க் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். கடைசியில் நான் தீட்டிய அவனை எடுத்தார்.

"இவனைப் பார். என்ன மாதிரிக் கண் வைச்சிருக்கிறாள்!"

"அண்ணை..."

"என்ன?"

"ஒண்டுமில்லை. பெட்டியை மூடட்டோ?"

"ஓம், மூடு."

மூடினேன்!

ஞாயிறுகளில் போய்ப் பார்க்கிறேன். கதைக்கும்போது அவனைக் கைக்குள் வைத்து, பெருவிரலால் தடவிக்கொண்டே இருப்பார். போன கிழமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சட்டை கொஞ்சம் மங்குது. நீ பெயின்ட்காரன் எண்டு கைவைச்சிடாத, என்ன? அது அவளின்ர நிறம்."

"ஓம் அண்ணை" என்றேன்.

அக்கா தீட்டிய படை முழுக்க என் வீட்டு அலுமாரிக்குள் இருக்கிறது. நான் திறப்பதில்லை.